தங்கத் தாத்தா காட்டிய வழி

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பு கடலோடு சேருமிடத்தில் அமைந்துள்ளது கொக்கிளாய். களப்பின் இக்கரையில் பரம்பரையாகத் தொழில்செய்து வந்த தமிழ் மீனவர். அக்கரையில், திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில், முஸ்லிம் மக்கள். இரு கரைச் சிறார்களுக்கும் தாய்மொழி தமிழே. அவர்கள் முதன்முதலில் பாடிப் பழகும் பாட்டு எதுவாக இருக்கவேண்டும் என்று சிந்திக்கும்போது, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் வாழ்வே எமது நினைவுக்கு வருகின்றது.

யாழ்ப்பாணத்து நவாலியில் 1878 மே 25ஆம் திகதி பிறந்த புலவர், வட்டுக்கோட்டையில் நீண்டகாலம் ஆசிரியப்பணி புரிந்தவர். கலம்பகமும் புகழ்மாலையும் நாடகமும் இயற்றிய பெரும்புலமையாளர். ஆயினும், மக்கள் அவரைத் தங்கத் தாத்தா என்று அழைத்தது அவருடைய பிள்ளைப் பாடல்களுக்காகவே. பண்டிதர் சபையில் பாராட்டுப் பெறத்தக்க ஒருவர், பால்மணம் மாறாத குழந்தையின் நாவுக்கு ஏற்பச் சொற்களைத் தேர்ந்தார் என்பதிலேயே அவரது பெருமை அடங்கியுள்ளது.

மழலையர்க்கென்று தனியாகப் பாட்டு வேண்டும் என்னும் விழிப்பு அக்காலத்தில்தான் ஈழத்தில் வலுப்பெற்றது. கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தியின் முயற்சியும், 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் வெளியிட்ட பிள்ளைப் பாட்டு என்னும் தொகுதியும் அதற்குச் சான்றாகும். அதற்கு முன்னர், பிள்ளைகள் பொருள் விளங்காமலே நீதிச் செய்யுள்களை மனனஞ் செய்தனர். புலவரோ பிள்ளை கண்டதையும் உண்டதையும் பாடினார். ஆடிப்பிறப்புப் பற்றிய அவரது பாடலில், மறுநாள் விடுமுறை என்ற குதூகலம் முதலில் வருகின்றது. பின்னர் பயறு வறுப்பதும், அரிசி இடிப்பதும், தேங்காய் துருவுவதும், கூழ் குடிக்கப் பலாவிலை பொறுக்குவதும் ஒழுங்காகத் தொடர்கின்றன. பாடி முடிக்கும் பிள்ளை, தன் வீட்டு அடுக்களையின் வேலை முறையையே கற்றுவிடுகின்றது. கத்தரித் தோட்டத்து வெருளியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊணும் உறக்கமுமின்றிக் காவல் நிற்கும் அந்த வைக்கோல் மனிதன், பிள்ளைகளின் சிரிப்புக்கும் சிந்தனைக்கும் உரியவனானான்.

ஆடிப்பிறப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கையில், 1953 ஜூலை 10ஆம் திகதி புலவர் மறைந்தார். அவரது பாடல்கள் சிறுவர் செந்தமிழ் என்னும் நூலாக 1955இல் வெளிவந்தன. எனினும், நூலைவிடப் பாட்டிமாரின் நாவும் பள்ளி வகுப்பறையுமே அவற்றை வாழவைத்தன.

அந்தத் தொடர்ச்சி அறுந்ததுதான் எமது துயரம். கொக்கிளாய் மக்கள் 1984இல் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். போர் 2009இல் முடிந்த பின்னரே மீளக்குடியமர முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த ஒரு தலைமுறை, தன் களப்பைக் காணாமலே வளர்ந்தது. 1990இல் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் பிள்ளைகளும் புத்தளம் முதலிய இடங்களில் அவ்வாறே வளர்ந்தனர். ஊரை இழந்த பிள்ளை, ஊரைப் பாடும் பாட்டையும் இழக்கின்றது.

இன்று பல முன்பள்ளிகளில், பிள்ளைகள் கண்டறியாத பனியையும் செம்மறியாட்டையும் பற்றிய ஆங்கிலப் பாடல்களே முதலிடம் பெறுகின்றன. ஆங்கிலம் கற்பதில் தவறில்லை. ஆனால், அது தாய்மொழிப் பாட்டின் இடத்தைப் பறிக்கலாகாது. புலவரின் பாடல்களை அப்படியே ஒப்புவிக்கச் செய்வதும் போதாது. புல்மோட்டைப் பிள்ளைக்கு ஆடிக்கூழ் தன் வீட்டு உணவன்று. நோன்புக் கஞ்சியே அதற்குப் பழக்கமானது. ஆகவே, நாம் பின்பற்ற வேண்டியது புலவரின் வழியை. கல்ஹின்னைக் கவிஞர் எம். சி. எம். சுபைர் போன்ற முஸ்லிம் கவிஞர்களும் சிறுவர்க்குப் பாடியுள்ளனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கொக்கிளாய்க் களப்பில் இறாலும் நண்டும் உண்டு. வலசை வரும் பறவைகள் உண்டு. வலையும் வள்ளமும் உண்டு. இவை யாவும் பாட்டாகக் காத்திருக்கின்றன. இரு கரை ஆசிரியைகளும் ஒன்றுகூடி, பெருநாளும் பொங்கலும் இடம்பெறும் ஒரு சிறு பாடற்றொகுதியை ஆக்குவார்களாயின், தங்கத் தாத்தாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.