ஆய்வேடு எழுப்பிய வினா: ரால்ஃப் பன்ச்

முனைவர் பட்டத்திற்கென எழுதப்பெறும் ஆய்வேடுகளுள் பல, பட்டம் கைக்கு வந்ததும் நூலக அடுக்குகளில் உறங்கிவிடுகின்றன. அவ்வாறு உறங்காத ஆய்வேடு ஒன்றை எழுதியவர் ரால்ஃப் பன்ச். 1949இல் பாலஸ்தீனப் போரை நிறுத்தும் உடன்படிக்கைகளைக் கண்டவர், 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் என்றே உலகம் அவரை நினைவிற்கொண்டுள்ளது. எனினும் அவர்தம் வாழ்வின் அச்சாணி, அரசியல் அறிவியல் மாணவராக இருந்த நாளில் அவர் எழுப்பிய ஒரு வினாவேயாகும்.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில், கறுப்பினத்தைச் சேர்ந்த முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பன்ச். 1917இல் தாயார் மறைந்தார். தந்தையாரின் துணையும் இல்லாது போயிற்று. தாயைப் பெற்ற பாட்டியார் லூசி ஜான்சனே பேரனையும் பேத்தியையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பள்ளியிறுதியில் முதன்மை மாணவராகத் தேறியும், நகரத்துச் சிறந்த மாணவர்களுக்கான கழகத்தில் நிறத்தின் பொருட்டு அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மனம் வெதும்பிய பேரன் மேற்படிப்பில் நாட்டமிழந்துவிடாதவாறு காத்தவர் அம்மூதாட்டியே.

கூடைப்பந்தாட்ட வீரருக்கான உதவித்தொகையைக் கொண்டும், உடற்பயிற்சிக் கூடத்தைத் துப்புரவு செய்து பெற்ற கூலியைக் கொண்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரிவில் பயின்று, 1927இல் முதல் மாணவராகப் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. ஆயினும் பயணத்திற்கும் உணவிற்கும் உறைவிடத்திற்கும் பொருள் வேண்டுமே! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கறுப்பின மக்கள் தம் சிறுவாட்டிலிருந்து 1000 டாலர் திரட்டி அவர் கையில் அளித்து வழியனுப்பினர். அவரது கல்வி அன்றே ஒரு சமுதாயத்தின் முதலீடாகிவிட்டது.

ஹார்வர்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே 1928இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், கறுப்பின மாணவர்களுக்கென விளங்கிய வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் துறையை உருவாக்கும் பொறுப்பு அவரை நாடி வந்தது. வகுப்பறைப் பணி, புதிய துறையின் சுமை, 1930இல் ஏற்ற இல்லறம் ஆகியவற்றுக்கிடையே முனைவர் பட்ட ஆய்வைத் தொடர்ந்தார்.

ஆய்வுப் பொருளைத் தேர்ந்ததில்தான் அவரது தனித்தன்மை வெளிப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் குடியேற்ற நாடுகள் வெற்றி பெற்ற நாடுகளின் வசமாயின. அவற்றை உடைமையாகக் கொள்ளாது, உலக நாடுகளின் சார்பில் பொறுப்பாட்சி செய்ய வேண்டும் என்பது சர்வதேசச் சங்கம் வகுத்த ஏற்பாடு. அவ்வகையில் டோகோலாந்தின் ஒரு பகுதி பிரான்சின் பொறுப்பில் வந்தது. அதனை அடுத்திருந்த டஹோமி பிரான்சின் நேரடிக் குடியேற்ற நாடு. ஆள்பவர் ஒருவரே, அயலும் ஒன்றே, ஆட்சியின் பெயர் மட்டும் வேறு. அப்பெயர் மாற்றத்தால் ஆளப்படும் ஆப்பிரிக்க மக்களுக்கு ஏதேனும் நன்மை விளைந்ததா? இதுவே பன்ச் எழுப்பிய வினா.

ரோசன்வால்டு நிதியத்தின் உதவியுடன் 1932இல் பயணம் தொடங்கினார். பாரிசில் அரசு ஆவணங்களை ஆராய்ந்தார். ஜெனீவாவில் சர்வதேசச் சங்கத்தின் செயல்முறையைக் கற்றார். பின்னர் ஆப்பிரிக்கா சென்று இரு நாடுகளையும் நேரில் கண்டார். ஏட்டில் இருந்த வேறுபாடு மக்களின் வாழ்வில் பெரிதாகத் தென்படவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அதன் காரணமும் தெளிவானது. ஆளும் அரசே ஆண்டறிக்கை எழுதியது. மக்களின் முறையீடும் அவ்வரசின் வழியாகவே ஜெனீவாவை அடைந்தது. நேரில் சென்று பார்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடமே வழக்கை ஒப்படைத்ததற்கு நிகரான கண்காணிப்பு அது.

1934இல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆண்டின் சிறந்த ஆய்வேட்டிற்கான டோப்பன் பரிசும் அவரைச் சேர்ந்தது. வளர்த்து ஆளாக்கிய பாட்டியார் அந்நாளைக் காண உயிரோடில்லை.

பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் அவையின் சாசனம் உருவானபோது, அமெரிக்கக் குழுவின் வல்லுநராகப் பன்ச் அங்கிருந்தார். குடியேற்ற நாடுகள் பற்றிய இயல்களை வடிப்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பழைய பொறுப்பாட்சிக்கு மாற்றாக அறங்காவல் முறை வகுக்கப்பட்டது. மக்களின் முறையீடுகளை ஏற்று ஆராயவும், ஆட்சிப் பகுதிகளுக்கு அவ்வப்போது குழுக்களை அனுப்பவும் அறங்காவல் மன்றம் உரிமை பெற்றது. ஆய்வாளர் டோகோலாந்தில் கண்ட குறைகளுக்குச் சாசனத்தில் மருந்து இடம்பெற்றது.

அடுத்த ஆண்டில் பன்ச் ஐ.நா. பணியில் சேர்ந்து, அறங்காவல் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1947இல் டோகோலாந்தைச் சேர்ந்த சில்வானஸ் ஒலிம்பியோ, இரு ஆட்சிகளுக்கிடையே பிளவுண்ட தம் இயூ இன மக்களுக்காக அம்மன்றத்தின் முன் நேரில் நின்று முறையிட்டார். எந்நாட்டு மக்களின் குரல் ஜெனீவாவை எட்டவில்லையோ, அந்நாட்டவர் ஒருவரே உலக மன்றத்தில் நின்று பேசினார். பிளவு நீங்க வேண்டும் என்ற அவரது கோரிக்கை நிறைவேறவில்லை. சாசனம் முறையீட்டிற்கு வழி திறந்தது, தீர்வுக்கு உறுதி தரவில்லை. எனினும் 1960இல் டோகோ விடுதலை பெற்றபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அதே ஒலிம்பியோ. டஹோமியும் அவ்வாண்டே விடுதலை பெற்றது. 1975 முதல் அது பெனின் என வழங்குகிறது. அறங்காவலில் இருந்த இறுதி நிலப்பகுதியான பலாவு 1994இல் விடுதலை பெற, மன்றமும் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

1953இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத்தின் தலைமை பன்ச்சை அடைந்தது. ஒருகாலத்தில் மாணவர் கழகம் கதவடைத்த மனிதரை, அறிஞர் கழகம் தலைவராக ஏற்றது. 1965இல் நலிந்த உடலோடு, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக செல்மா நடைப்பயணத்தில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தார். 1971 டிசம்பர் 9ஆம் நாள் மறைந்தார்.

கற்றல் எளிது, கற்றவழி நிற்றல் அரிது. ஆளப்படுபவர்க்கு என்ன பயன் என்று மாணவப் பருவத்தில் கேட்ட பன்ச், பதவிகள் பல வந்த பின்னும் அவ்வினாவைக் கைவிடவில்லை. அன்று 1000 டாலர் திரட்டித் தந்த எளிய மக்களுக்கு அவர் செலுத்திய கைம்மாறு அதுவே.