வள்ளல் அழகப்பரும் பொறியியற் கல்வியும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த மறுநாள் தொடங்கிச் சில வாரங்கள் நம் போன்ற ஆசிரியர் இல்லத்திற்குப் பெற்றோர் வருவது வழக்கம். பிள்ளையை எக்கல்லூரியில் எப்பிரிவிற் சேர்ப்பது என்பதே அவர்தம் வினா. பெரும்பாலோர் கணினிப் பிரிவையே நாடுகின்றனர். இயந்திரப் பொறியியல் என்றால், அது கையிற் கரி படியும் படிப்பன்றோ என்று முகஞ் சுளிக்கும் ஆச்சிமாரும் உளர். இவ்வாண்டு அங்ஙனம் வினவிய ஒருவர்க்கு விடை கூறப் புகுந்த நாம், கோட்டையூர் வள்ளலின் வரலாற்றையே சொல்லி அனுப்பினோம். அதனையே அன்பர்களுக்காக ஈண்டு எழுதலுற்றோம்.

டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் கோட்டையூரில் இராமநாதன் செட்டியார்க்கும் உமையாள் ஆச்சிக்கும் மகவாகத் தோன்றினார். அக்காலத்தே நம்மவர் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கைவந்தவுடன் கப்பலேறிப் பருமாவிலேனும் மலேயாவிலேனும் பெட்டியடிப் பையனாக அமர்வர். பின்னர் அடுத்தாளாகி, மேலாளாகி, முதலாளியாவர். அழகப்பரோ காரைக்குடியிற் பயின்றபின் சென்னை மாநிலக் கல்லூரியை அடைந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தாருள் அப்பட்டம் பெற்றவருள் இவரே முதல்வர் என்பர். பின்னர் இலண்டன் மாநகரஞ் சென்று பாரிஸ்டர் ஆனார். வங்கித் தொழிலிற் பயிற்சி பெற்றார். ஆங்கு விமானம் ஓட்டவுங் கற்றுக்கொண்டார். வட்டிக்கணக்கு எழுதும் மரபிற் பிறந்தவர் வானூர்தியைச் செலுத்தக் கற்றது அன்றைய நம் ஊர்களில் எத்துணை வியப்பை விளைத்திருக்கும்!

தாயகம் மீண்டவர் கொச்சி நாட்டில் திருச்சூருக்கு அணித்தாக 1937-இல் நூற்பாலை நிறுவினார். அவ்வூர் அவர் பெயராலேயே இன்றும் அழகப்ப நகர் என வழங்குகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜூபிட்டர் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனியும் நடத்தினார். நூற்பாலைக் கதிரும் விமானத்தின் எஞ்சினும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஓடுவன அல்ல. அவற்றைச் செப்பனிட அறிந்தவன் ஒருவன் வேண்டும். அவனைப் பயிற்றக் கல்லூரி வேண்டும். இலக்கியம் பயின்ற அழகப்பர் பொறியியலின் அருமையை இத்தொழில்களின் வாயிலாகவே உணர்ந்தார் போலும் என்பது நம் கருத்து.

அக்கல்லூரிகள்தாம் அந்நாளில் எத்தனை? சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிப் பின் கிண்டியில் நிலைபெற்ற பொறியியற் கல்லூரி ஒன்றே நெடுங்காலம் இம்மாகாணத்துக்கு நிழலாயிருந்தது. 1894-இல் அங்கே இயந்திரப் பொறியியற் கல்வி தொடங்கிற்று. ஆயினும், அதற்குப்பின் ஐம்பதாண்டு கழிந்தும் தென்பாண்டி நாட்டுப் பிள்ளை ஒருவன் அதனைக் கற்க விரும்பின் கிண்டிக்கே செல்லவேண்டும், இடமோ சிலவே.

இதற்கிடையே நம்மவர் தலையில் இடி விழுந்தது. 1930-களின் இறுதியிற் கீழ்ப்பருமாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு நம்மவர் கைப்பட்டிருந்தது. 1942-இல் ஜப்பானியர் புகுந்தபோது நம்மவர் அனைத்தையும் விட்டு நீங்கினர். நடந்தே வந்தோர் பலர். போர் முடிந்தபின் பருமியர் அரசு இயற்றிய நிலச் சட்டங்களால் அச்செல்வம் மீளாது ஒழிந்தது. பருமாத் தேக்குத் தூண்கள் நம் வளவுகளில் நிற்கின்றன. அத்தேக்கை வாங்கித் தந்த தொழில் இல்லை. அடுத்த தலைமுறை எதனைக் கொண்டு வாழ்வது? இவ்வினாவிற்குப் பிறர் விடை தேடிக்கொண்டிருக்க, அழகப்பர் கல்லூரி கட்டினார்.

சென்னைச் சருவகலாசாலைக்கு அவர் அளித்த 5 இலட்சம் ரூபாயைக் கொண்டு 1944-இல் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1947-இல் சென்னையில் நடந்ததொரு கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரி நிறுவ முன்வருதல் வேண்டுமெனத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் வேண்டினார். அழகப்பர் அவ்விடத்தேயே எழுந்து உடன்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே காரைக்குடியிற் கலைக்கல்லூரி தொடங்கிவிட்டது. நம்மவர் ஒரு கலியாணத்திற்கு நாட்பார்க்கும் காலத்தினும் குறுகிய காலம் அது!

அடுத்து, 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு பெருமான் அதற்குக் கால்கோள் செய்தார். 1953 ஜனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இவற்றிற்கிடையே 1952-இல் அழகப்பச் செட்டியார் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. செம்மண்ணும் முட்புதருமாய்க் கிடந்த வெளியிற் பொறியியற் கல்லூரியா என ஐயுற்றோர் அன்று பலர் இருந்திருத்தல் கூடும்.

இயந்திரப் பொறியியல் என்பது யாதெனின், வெப்பத்தை வேலையாக்குவதும், அவ்வேலையைச் சக்கரத்தாலும் பல்லிணையாலும் வேண்டிய இடத்திற் செலுத்துவதும், அவ்வுறுப்புக்கள் சுமை தாங்குமா என்று முன்னரே கணக்கிட்டு வரைந்து காட்டுவதும் ஆம். முதலாண்டில் மாணாக்கன் கையிலே ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும் கொடுப்பர். அதனை அராவி அராவி மூலைமட்டத்திற்கு இயையச் செம்மையாக்க வேண்டும். கை நோகும், விரல் காய்க்கும். மயிரிழை பிழைத்தாலும் மட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தொகையில் ஒரு காசு உதைத்தாலும் விடியுமளவும் விளக்கேற்றித் தேடிய நம் பாட்டனார்க்கு இக்கல்வி அயலது அன்று. பொறி என்னுஞ் சொல் இயந்திரத்தையும் குறிக்கும், திருமகளையும் குறிக்கும் என்பதைத் தமிழாசிரியராகிய நாம் ஆச்சிமார்க்கு நினைவூட்டாது விடுதல் இயலவில்லை.

வள்ளலார் தாம் குடியிருந்த இல்லத்தையும் மகளிர் கல்லூரிக்கென ஈந்தார். ஆங்கிலேயர் அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலையுற்றபின் துறந்தார். கொடுங்கோய் உடலை வருத்திய ஆண்டுகளிலேயே இக்கொடைகளுட் பெரும்பாலான நிகழ்ந்தன என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு உருகுகின்றது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1957 ஏப்ரல் 5-ஆம் நாள், அகவை நாற்பத்தெட்டு நிறைதற்கு ஒரு நாள் குறைய, இவ்வுலகு நீத்தார்.

அவர் வைத்த கல்லூரி இன்று அரசினர் பொறியியற் கல்லூரியாக, அவர் பெயர் தாங்கி நடைபெறுகின்றது. அது நம் கையை விட்டுப் போயிற்றே என்று குறைகூறுவோர் நம் கூட்டத்தில் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். கொடுத்தவர் குலம் பார்த்துக் கொடுத்தாரல்லர். இராமநாதபுரத்து உழவர் மகனும் காரைக்குடிக் கொத்தனார் மகளும் அங்கே ஒரே பட்டறையில் அரம் பிடிக்கின்றனர்.

நம்மிடம் வினவ வந்தவர், மகனை அழைத்துக்கொண்டு அக்கல்லூரிப் பட்டறையை ஒருமுறை பார்த்து வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார்.