ஜானகி அம்மாள் எண்ணிய எண்ணிக்கை



காபியில் சர்க்கரை கலக்கும்போது ஜானகி அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வரும். இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவரே அவர்தான் என்று அதில் இருக்கும். அது முழுக்கச் சரியில்லை. கோயம்புத்தூரில் உருவான ‘கோ 205’ கலப்பினக் கரும்பு 1918-லேயே வெளிவந்துவிட்டது. ஜானகி அம்மாள் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தது 1934-ல். ஆனால் அவர் உண்மையில் செய்த வேலை இதைவிடப் பெரியது. அதைத்தான் இந்தக் காலாண்டில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். பெரிய குடும்பம். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆக, இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் வாழ்நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்தது செல் பிரிவதைத்தான். உங்கள் பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை துளிர்க்கிறதே, அங்கே ஒரு செல் இரண்டாகிறது. அதற்கு முன் தன் குரோமோசோம்களை அப்படியே நகலெடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடுகிறது. உங்கள் கைக்காயம் ஆறுவதும் இப்படித்தான். இது வளர்வதற்கான பிரிவு.

இனப்பெருக்கத்துக்கான பிரிவு வேறு. அங்கே குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு விலகுகின்றன. மகரந்தத்துக்கும் கருமுட்டைக்கும் பாதிப் பாதிதான் போகும். மனித செல்லில் 46 என்றால் விந்தணுவில் 23, கருமுட்டையில் 23. இரண்டும் சேர்ந்தால்தான் மறுபடி 46.

கரும்பை விவசாயிகள் கரணை வெட்டித்தான் நடுகிறார்கள். அது வெறும் வளர்ச்சி. தாய்க் கரும்பின் நகல்தான் கிடைக்கும். புது ரகம் வேண்டுமானால் பூ பூத்து, விதை பிடிக்க வேண்டும். ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். இப்படித் தூரத்து இனங்களைக் கலந்தால் பிறக்கும் செடியில் குரோமோசோம்களுக்குச் சரியான ஜோடி கிடைக்காது. செடி நன்றாக வளரும், விதைதான் பிடிக்காது. ஏன் என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஆற்றங்கரை நாணலிலிருந்து வயல் கரும்பு வரை பொறுமையாக எண்ணினார்.

1939-ல் இங்கிலாந்து போனவர், உலகப் போர் முழுவதும் அங்கேயே இருந்து வேலை பார்த்தார். 1945-ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, உலகில் பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே நூலில் தொகுத்தார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளுக்குக் கோல்சிசின் என்ற மருந்தைக் கொடுத்தார். நகலெடுத்த குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போகாமல் அது தடுத்துவிடும். செல் பிரியாமல், இரட்டை எண்ணிக்கையோடு நிற்கும். அவர் பெயரைத் தாங்கிய ஒரு வெள்ளை மக்னோலியா ரகம் இன்றும் உண்டு.

அதே கோல்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. நம் செல்களையும் அது விட்டுவைக்காது. எனவே தொட்டியில் செங்காந்தள் வளர்ப்பவர்கள், கிழங்கும் விதையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரு அழைத்ததால் 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1970-க்குப் பிறகு அவர் வேலை செய்தது எங்கே தெரியுமா? இன்று அடுக்குமாடிகள் நிறைந்திருக்கும் நம் மதுரவாயலில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது.

புது ரகங்களை உருவாக்கத் தெரிந்த அவருக்கு, ஒரு காடு அழிந்தால் அதைத் திரும்ப உருவாக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது என்பதும் தெரிந்திருந்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது, ஏறக்குறைய எண்பது வயதில் எதிர்ப்பில் சேர்ந்தார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களையும் கணக்கெடுக்க முனைந்தார். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால், இந்தக் கதையையும் சேர்த்து அனுப்புங்கள். சர்க்கரை டப்பாவோடு நிறுத்த வேண்டாம். தொட்டியில் துளிர்விடும் இலையைக் காட்டி, வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள்.