எடிசனின் முதல் ஆசான்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. ஆயினும், அம்முளையைப் பயிரென்று அறியும் கண் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பிறர் களையென்று ஒதுக்கிய முளையொன்றைப் பேணி வளர்த்த பெருமை, தாமஸ் ஆல்வா எடிசனின் அன்னையாராகிய நான்சி அம்மையார்க்கு உரியது.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்து மிலான் என்னும் ஊரில், தம் பெற்றோர்க்கு ஏழாம் மகவாய்ப் பிறந்தார். 1854இல் அவர்தம் குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹூரன் நகரிற் குடியேறியது. எதனையும் ஏன், எவ்வாறு என வினவுவதும், தாமே செய்து பார்ப்பதும் எடிசனின் இயல்பு. சிறு பிள்ளையாய் இருந்தபொழுது முட்டைகளின்மேல் அமர்ந்து, தாமே குஞ்சு பொரிக்க முயன்றார் என்பர்.

இத்தகைய சிறுவர்க்கு அக்காலப் பள்ளி ஒத்துவரவில்லை. பாடத்தை நெட்டுருச் செய்து ஒப்பித்தலே ஆங்குக் கல்வியெனக் கருதப்பட்டது. எடிசனின் உள்ளமோ ஓரிடத்தில் நில்லாது அலைந்தது. வகுப்பில் அவர் கடைநிலையில் இருந்தார். ஒருநாள், ஆசிரியர் தம்மை மூளை குழம்பியவன் என்று கூறியது அவர் செவியில் விழுந்தது. மனம் நொந்து வீடு சேர்ந்தார்.

அன்னையார் மகனைக் கடிந்தாரல்லர். பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் மகனுக்காக வாதாடினார். பின்னர் அவனை அப்பள்ளியினின்றும் விலக்கினார். முன்னர் ஆசிரியப் பணி புரிந்தவராதலின், வீட்டிலே தாமே கற்பிக்கத் துணிந்தார். வரலாற்று நூல்களை மகனுக்குப் படித்துக் காட்டினார். அவனுடைய நாட்டம் செல்லும் நெறியை உணர்ந்து, ஒன்பதாம் அகவையளவில் இயற்கை அறிவியல் நூலொன்றை அளித்தார். அதிற் கண்ட சோதனைகளையெல்லாம் எடிசன் செய்து பார்த்தார். வீட்டின் நிலவறை ஆய்வுக்கூடமாயிற்று. வகுப்பறையில் அலைந்த உள்ளம், கொழுகொம்பைப் பற்றிய கொடிபோல் ஆங்கே நிலைகொண்டது.

பன்னிரண்டாம் அகவையில் புகைவண்டியிற் செய்தித்தாள் விற்கப் புகுந்த எடிசன், பின்னர்த் தந்திப் பணியாளரானார். 1877இல் ஒலியைப் பதித்து மீட்டும் ஒலிக்கச் செய்யும் கருவியையும், 1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கையும் உருவாக்கினார். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் பெற்றார். ஆயின், மகனின் ஒளி உலகெங்கும் பரவியதைக் காணும் பேறு அன்னையார்க்கு இல்லை. அவர் 1871இலேயே மறைந்தார். தம்மை உருவாக்கியவர் அன்னையே என்று எடிசன் நன்றியோடு போற்றிவந்தார். அவர் 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் இயற்கை எய்தினார்.

விரைந்து கற்பார்க்குக் கற்பித்தல் எளிது. தடுமாறும் பிள்ளையின் உள்ளமறிந்து கற்பித்தலே அரிது. உடன் பயிலும் ஒருவர் பாடத்தில் தளர்ந்தால், அவரை எள்ளாது கைகொடுத்தல் மாணவர் கடனாகும்.