ரப்பர் பால், பென்சீன் இரண்டையும் ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே: தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உங்கள் தாத்தா, பாட்டி விடியற்காலையில் பால்மரம் சீவியிருக்கலாம். அதே மாநிலத்தில், போர்ட்டிக்சன் கடலோரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளையும் நீங்க பார்த்திருப்பீங்க. ரப்பர் எதனால் ஆனது? பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்பது என்ன? இந்த இரண்டு கேள்விகளிலும் ஒரே மனிதரின் பெயர் வருகிறது.

யார் இந்த ஃபாரடே?

1791இல் லண்டன் அருகே ஒரு கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். வசதி இல்லை, பள்ளிப் படிப்பும் கொஞ்சம்தான். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளர் ஆனார். மின்சார ஆராய்ச்சிதான் அவருக்குப் புகழ் தந்தது. ஆனால், அதற்கு முன்பே அவர் நல்ல வேதியியலாளர்.

என்ன கண்டுபிடித்தார்?

அந்தக் காலத்தில் எண்ணெயைச் சூடாக்கி, விளக்கு எரிக்க வாயு தயாரித்தார்கள். அதை அழுத்தி அடைத்த கலன்களில் ஒரு திரவம் தங்கியது. 1825இல் ஃபாரடே அதிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு ரப்பரைப் பகுத்து, 5 கார்பனுக்கு 8 ஹைட்ரஜன் என்ற விகிதத்தைச் சொன்னார். பால்மரம் மலாயாவுக்கு வந்ததோ 1877இல். அதற்கு 10 ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார்.

இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்?

அமைப்புதான். ரப்பர் ஒரு நீளமான சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் கந்தகம் அதோடு சேர முடிகிறது. டயர் உறுதியாவது அப்படித்தான்.

பென்சீனோ 6 கார்பன்கள் கொண்ட வளையம். 1865இல் கெகுலே இதை முன்வைத்தார். அது தட்டையான அறுகோணம் என்பதை 1929இல் கேத்லீன் லான்ஸ்டேல் எக்ஸ்ரே மூலம் காட்டினார். வளையம் முழுக்க எலக்ட்ரான்கள் பொதுவாகப் பகிரப்படுவதால் அது எளிதில் உடையாது. சாதாரண இரட்டைப் பிணைப்பில் புரோமின் சட்டென்று சேர்ந்துவிடும். பென்சீனுக்கு இரும்பு போன்ற வினையூக்கி வேண்டும். அப்போதும் வளையம் கலையாது, ஒரு ஹைட்ரஜன் மட்டும் இடம் மாறும். இப்படிப்பட்ட வளையம் கொண்டவைதான் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள்.

இதில் ஆபத்து எங்கே?

பென்சீன் ரப்பரைக் கரைக்கும், வேகமாக ஆவியாகும். சுவாசித்தால் ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அதை வேறு பொருட்களாக மாற்ற, அவை எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன. அமெரிக்காவின் ஒஹையோவில் ரப்பரைப் பென்சீனில் கரைத்து உறைத்தாள் செய்த தொழிலாளர்களிடம் ரத்தப் புற்றுநோய் அதிகம் என்பதை 1977இல் வெளியான ஆய்வு காட்டியது. 1987இல் அந்நாடு, வேலையிடக் காற்றில் பென்சீன் அளவை 10 லட்சத்தில் 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைத்தது.

அதாவது, தோட்டத்தில் பால் எடுத்தவர்களின் உழைப்பு கடல் தாண்டிப் போய், வேறொரு தொழிலாளியின் கையில் பென்சீனோடு கலந்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெட்ரோலில் இன்றும் கொஞ்சம் பென்சீன் உண்டு. மோட்டார் சைக்கிள் கிரீஸைப் போக்கப் பெட்ரோலில் கை கழுவும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், சோப்பை எடுத்துக் கொடுங்க. காரணத்தையும் சொல்லுங்க.