தோடியில் வாழும் சக்கரவர்த்தி

1956-ஆம் ஆண்டின் இறுதியில், ஐந்தே வார இடைவெளியில், உலகம் இரண்டு பெரும் இசைக்கலைஞர்களை இழந்தது. நவம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டம் மறைந்தார். டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார்.

இருவரும் வாழ்ந்த உலகங்கள் வேறு. ஒருவர் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்த, பார்வை மிகவும் குன்றிய கறுப்பினக் கலைஞர். மற்றவர் காவிரிக் கரையின் கோயில் இசை மரபில் வந்தவர். ஆயினும் இருவரையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. எழுதி வைத்ததை அப்படியே வாசித்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர் இவர்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்து, அந்தக் கணத்தில் தோன்றும் கற்பனையால் புத்தம் புதிதாக்கித் தந்தவர்கள். இதனை நம் இசையில் மனோதர்மம் என்பார்கள். ஜாஸ் இசைக்கும் அதுவே உயிர்நாடி.

டேட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் பல உண்டு. நம்மவரைப் பற்றி நாம் எவ்வளவு அறிவோம்? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தோட்டத்துக் கோயிலில் கேட்ட இசை

நான் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பட்டணத்திலிருந்து மேளக்காரர்கள் வருவார்கள். அபிஷேகம் முடிந்து அலங்காரத்திற்குத் திரை போட்டவுடன் கூட்டம் பேச்சில் இறங்கிவிடும். பிள்ளைகள் பலூன் கடையைச் சுற்றி ஓடுவோம். அந்த இரைச்சலுக்கு நடுவில் நாதஸ்வரக்காரர் கண்களை மூடிக்கொண்டு எதையோ வாசித்துக்கொண்டிருப்பார். அது பூசைக்கு நேரம் போக்கும் ஓசை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஓராண்டு என் தாத்தா என் கையைப் பிடித்துத் தம் அருகில் உட்கார வைத்துவிட்டார். பால்மரம் வெட்டியே முதுமை எய்தியவர் அவர். இசை பயின்றவர் அல்லர். ஆனால் அந்த வாசிப்பு தோடி ராகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இளமையில் பட்டணத்துக் கடை ஒன்றில் ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டைப் போடுவார்களாம். சம்பளம் வாங்கிய நாள்களில் அதைக் கேட்பதற்காகவே கடை வாசலில் நிற்பாராம். ராஜரத்தினம் பிள்ளை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான்.

திருமருகல் தந்த பிள்ளை

ராஜரத்தினம் 1898 ஆகஸ்டு 27-ஆம் நாள், நாகப்பட்டினம் பக்கத்தில் உள்ள திருமருகலில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான். அவர் பையனை மகனாக ஏற்றுக்கொண்டார். அவருடைய வாழ்வும் குறுகியதாகவே முடிந்தது. பிறகு ஆதீனத்தின் ஆதரவில் சிறுவன் வளர்ந்தான். ராஜரத்தினம் என்ற பெயரும் அங்குக் கிடைத்ததே.

அவர் முதலில் கற்றது நாதஸ்வரம் அன்று, வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் பாட்டுப் பயின்ற பிறகே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம் கற்றார். இது சிறு செய்தியன்று. பின்னாளில் அவர் குழலில் பாடினார் என்று இரசிகர்கள் வியந்ததற்கு இந்தப் பயிற்சியே அடித்தளம்.

குழலையே மாற்றியவர்

அக்காலத்தில் பெரும்பாலும் வாசிக்கப்பட்டது திமிரி நாதஸ்வரம். அது நீளம் குறைந்தது, சுருதி கூடியது. ஊர்வலத்தில் வெகுதூரம் கேட்கும். ஆனால் நுட்பமான ராகங்களைக் குழைத்து வாசிக்க இடம் தராது. குறிப்பாகச் சுத்த மத்திமம் என்ற சுரத்தைத் துல்லியமாகப் பேச வைப்பது பெரும்பாடு. தோடிக்கோ அந்தச் சுரம் இன்றியமையாதது.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்ற கருவி வல்லுநர் இருந்தார். ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் மரபினர். அவரும் ராஜரத்தினமும் பலமுறை செய்து பார்த்து, வாசித்துப் பார்த்து, குறை கண்டு, மீண்டும் செய்தார்கள். அதன் பயனாக உருவானது நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த, சுத்த மத்திமம் திருத்தமாகப் பேசும் பாரி நாதஸ்வரம். இன்று கச்சேரிகளில் நாம் கேட்கும் கனத்த, இனிய நாதம் அதிலிருந்து வருவதே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் இந்த இருவருக்கும் பங்குண்டு.

அந்தக் குழலில் அவர் தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் வாசிப்பார். ராக ஆலாபனைக்குச் சொற்கள் இல்லை, தாளக்கட்டு இல்லை. ஒவ்வொரு சுரமாகத் தொட்டு, வளைத்து, ராகத்தின் உருவத்தைச் சிறிது சிறிதாகக் கட்டி எழுப்ப வேண்டும். நேற்று வாசித்த தோடி வேறு, இன்று வாசிப்பது வேறு. அவருடைய வாசிப்பு வாய்ப்பாட்டுக் கலைஞர்களையும் ஈர்த்தது. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களில் இந்த நாதஸ்வரத்தின் சாயல் உண்டு. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் அவருக்குப் பக்கபலமாக வாசித்தார்கள்.

சட்டை போட்ட வித்துவான்

அவர் வாசிப்புக்கு நிகராகப் பேசப்பட வேண்டியது அவருடைய தன்மானம். வாய்ப்பாட்டு வித்துவான்கள் மேடையில் அமர்ந்து பாடிய காலத்தில், நாதஸ்வரக்காரர்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்தார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை அணியக்கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் இசை வேண்டும், ஆனால் அவர்களுக்குச் சம இருக்கை கிடையாது. இதன் பின்னால் சாதி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ராஜரத்தினம் இதனை ஏற்க மறுத்தார். குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டார். சட்டையும் ஷெர்வானியும் அணிந்தார், வைரக் கடுக்கன் மின்ன வந்தார். மேடை போட்டு அமர வைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றார். பலர் இதனைத் திமிர் என்றார்கள். ஆனால் அவர் தமக்காகக் கேட்ட இருக்கையில் அவருக்குப் பின்வந்த நாதஸ்வரக் கலைஞர்கள் எல்லாரும் அமர்ந்தார்கள்.

1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் திரைப்படத்தில் கதாநாயகனாக நடித்தார். இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில் டில்லியில் நடந்த கொண்டாட்டத்தில் அவர் நாதஸ்வரம் ஒலித்தது. 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார்.

நிலவில் களங்கமும் உண்டு. மதுப்பழக்கம் அவரை விடவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் போய், அழைத்தவர்களைத் தவிக்க விட்டதும் உண்டு. வந்த பொருளைச் சேர்த்து வைக்கத் தெரியவில்லை. மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு வயது 58. சக்கரவர்த்தி என்று பெயர் பெற்றவர் விட்டுச் சென்ற செல்வம் மிகக் குறைவு.

எஞ்சியிருப்பது என்ன?

மீண்டும் ஆர்ட் டேட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். அவரும் இரவு முழுதும் வாசிப்பதில் இன்பம் கண்டவர். அவரையும் மது வாட்டியது. 47 வயதிலேயே போய்விட்டார். ஆனால் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1953 டிசம்பரில் தொடங்கி, நார்மன் கிரான்ஸ் என்ற தயாரிப்பாளர் அவரைப் பியானோ முன் அமர வைத்து, விரும்பியதை விரும்பியபடி வாசிக்கச் சொல்லி, நூற்றுக்கும் மேற்பட்ட தனி வாசிப்புகளைப் பதிவு செய்துவிட்டார். ஒரு கலைஞர் போய்விடுவார் என்ற அச்சத்தோடு கேட்பவர்கள் இருந்தால் இப்படி ஒரு சேமிப்பு மிஞ்சும்.

ராஜரத்தினத்தின் தோடியோ 78 சுழல் இசைத்தட்டில் அடைபட்டது. அதன் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம்தான் ஓடும். மணிக்கணக்கில் விரிந்த கடலைச் செம்பில் மொண்ட கதை. வானொலிப் பதிவுகள் சில கிடைக்கின்றன. மற்றபடி திருவிழா இரவுகளில் அவர் வாசித்தவை அன்று கேட்டவர்களின் காதோடு போயின.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் அந்தப் பாணியை ஏந்தி வந்தார். 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு ஒலிக்கும் நாதஸ்வரம் அவருடையதே. அந்தப் பாடலைக் கேட்டிராத தமிழ் வீடு நம் நாட்டில் அரிது. குருவை அறியாமலே அவர் பாணியை நாம் கேட்டு வந்திருக்கிறோம். அருணாசலமும் 1964-இல், நாற்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்தார்.

கடாரத்தில் கேட்கட்டும்

சோழ நாட்டுக்கும் நம் கெடாவுக்கும் உள்ள உறவு ஆயிரம் ஆண்டுப் பழமை. இராசேந்திர சோழனின் கல்வெட்டுகளில் இம்மண் கடாரம் என்று பதிவாகியுள்ளது. பின்னர் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் மாரியம்மனையும் முருகனையும் கொண்டுவந்தார்கள். கூடவே நாதஸ்வரமும் தவிலும் வந்தன. கூலிமிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் திருவிழாக் காலங்களில் அந்த ஒலி இன்றும் எழுகிறது.

ஆனால் எங்கள் தோட்டம் இன்று இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிறிய கோயில்கள் பலவற்றில் ஒலிபெருக்கி வழியே வரும் பதிவிசையே மேளக்காரரின் இடத்தைப் பிடித்துவிட்டது. நேரில் வந்து வாசிப்பவருக்கோ பல இடங்களில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாரும் உண்டபின் ஒரு சாப்பாடு. சட்டை போட்டுக்கொண்டு மேடை கேட்ட அந்த மனிதரின் போராட்டம் இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

தம்பி தங்கைகளே, எல்லாரும் நாதஸ்வரம் கற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த திருவிழாவில் திரை போட்டிருக்கும் அந்தக் கால்மணி நேரம், கைப்பேசியை மூடி வைத்துவிட்டு, வாசிப்பவர் எதிரில் அமர்ந்து கேளுங்கள். முடிந்ததும் அருகில் சென்று என்ன ராகம் என்று வினவுங்கள். எங்கள் தோட்டத்தில் என் தாத்தா எழுந்து சென்று கேட்டார். அந்த நாதஸ்வரக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோடிதான் ஐயா என்று தலையசைத்தார். பிறகு தாத்தாவுக்காக இன்னும் சிறிது நேரம் வாசித்தார். அன்று இரவு அவர் முகத்தில் கண்ட மலர்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.