இரட்டைக் கொம்பு தந்த முனிவர்

தியாகராய நகரிலிருந்து மெரினா கடற்கரைக்குச் செல்லும் நம்மில் பலர், அலைகளைக் கண்டு களித்துத் திரும்பிவிடுகிறோம். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கே நிறுவப்பட்ட சிலைகளுள் ஒன்று, அயல்நாட்டில் பிறந்து அருந்தமிழுக்கு உழைத்த வீரமாமுனிவருடையது.

1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் பிறந்த இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710இல் கோவாவை அடைந்து, பின் தமிழகம் வந்தார். முப்பது வயதுக்குமேல் தமிழ் கற்கத் தொடங்கியவர், புனித சூசையப்பரைப் போற்றும் தேம்பாவணியையும், ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கத்தையும், 1732இல் சதுரகராதியையும் இயற்றினார் என்பது எவ்வளவு வியப்பு!

எனினும் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் அவரது கொடை வேறொன்று. 'எரி' என்றால் நெருப்பு. 'ஏரி' என்றால் நீர்நிலை. பண்டைக் காலத்தில் இரண்டுக்கும் எழுத்து வடிவம் ஒன்றே. குறிலானால் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆனால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் அதை விட்டுவிட்டனர். விதி இலக்கண நூலில் இருந்தது, ஏட்டில் இல்லை. நெருப்பா, நீரா என்பதைப் படிப்பவரே ஊகித்து அறிய வேண்டியதாயிற்று.

எங்கள் கணினி வகுப்பில் நிரல் எழுதும்போது ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், கணினி உடனே பிழை என்று நின்றுவிடும். ஓலைச் சுவடிக்கு அவ்வாறு எச்சரிக்கத் தெரியாது. ஆகவே ஒருவர் செய்த பிழையை அடுத்தவரும் படியெடுத்தார்.

முனிவர் எழுதுவோரைக் குறை கூறவில்லை, எழுத்தையே திருத்தினார். எகரத்தின் கீழே கோடிட்டு ஏகாரமும், ஒகரத்தைச் சுழித்து ஓகாரமும் அமைத்தார். உயிர்மெய்க் குறிலுக்கு ஒற்றைக் கொம்பும் நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் தந்தார். குழப்பம் தீர்ந்தது. இன்று கணினியின் யூனிகோடு முறையிலும் இவ்விரு கொம்புகளுக்கும் தனித்தனி எண்கள் உண்டு.

1747இல் முனிவர் மறைந்தார். தமிழ்த் தேர்வில் கொம்பை மாற்றியெழுதி மதிப்பெண் இழந்தபோது, இத்தனை சிறிய சுழிக்கா தண்டனை என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. இப்போது அச்சுழியின் அருமை புரிகிறது. தோழியரே, அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது அவர் சிலைமுன் ஒரு கணம் நின்று நன்றி செலுத்துவோமாக!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி